மூன்று சாமான், மூன்று முத்திரை

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்கள். சாமான்களை மொத்தமாக எடுத்த வியாபாரி ஒரு டீ செட்டைக் காட்டி, "வெள்ளைக்காரர் காலத்து லண்டன் வெள்ளி, மூன்றும் சேர்த்து தொண்ணூறாயிரம்" என்கிறார். டீ பாட்டின் அடியில் தனித்தனிக் கட்டத்துக்குள் ஈ, பி, என், எஸ் என்ற ஆங்கில எழுத்துகள். பால் ஜாடியில் சிங்கம், நங்கூரம், ஓர் எழுத்து, இரண்டு இனிஷியல். சர்க்கரைக் கிண்ணத்தைச் சுற்றி சாமி உருவங்கள். அடியில் 'ஆர்' (ORR) என்ற ஆங்கிலப் பெயர் மட்டும். காந்தம் ஒட்டவில்லை. வாங்கலாமா?
- வாசகி, குன்னூர்

பதில்: செட் என்று சேர்த்து விலை பேசாதீர்கள். ஒரே தட்டில் வைத்திருந்தார்கள் என்பதைத் தவிர இந்த மூன்றுக்கும் உறவே இல்லை.

டீ பாட் வெள்ளியே அல்ல. அந்த நான்கு எழுத்துக்கு 'நிக்கல் சில்வர் மேல் மின்முலாம்' என்று பொருள். நிக்கல் சில்வர் என்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது, பெயரில்தான் சில்வர். காந்தம் அதிலும் ஒட்டாது, அதனால் உங்கள் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. நகைக்கடை மெஷினும் மேல்பரப்பை மட்டுமே படிக்கும். கனமான முலாமை வெள்ளி என்றே காட்டலாம். அடி விளிம்பைப் பாருங்கள், முலாம் தேய்ந்த இடம் லேசாக மஞ்சளடிக்கும். கைப்பிடியில் தந்த வளையம் இருந்தால் தொடவே வேண்டாம். தந்தம் விற்பதும் வாங்குவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எவ்வளவு பழசு என்பது அங்கே செல்லாது.

பால் ஜாடி உண்மையான இங்கிலாந்து வெள்ளியாக இருக்க வாய்ப்புண்டு. முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் 92.5 சதவீத வெள்ளிக்கான முத்திரை. ஆனால் நங்கூரம் பர்மிங்காமுக்கு உரியது. லண்டன் என்றால் சிறுத்தைத் தலை இருக்க வேண்டும். வியாபாரியின் கதை இங்கேயே ஆட்டம் காண்கிறது. தனி எழுத்து ஆண்டைக் குறிக்கும். அதே எழுத்து சில பத்தாண்டுக்கு ஒருமுறை வேறு வடிவத்தில் திரும்ப வரும் என்பதால், எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவத்தையும் பர்மிங்காம் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பக்கத்தில் ராஜா அல்லது ராணியின் தலை இருந்தால் அது வரி கட்டியதற்கான முத்திரை. 1784 முதல் 1890 வரை போட்டார்கள்.

அப்புறம், முத்திரை இருக்கும் இடத்தில் வாயால் ஊதுங்கள். ஆவி படியும்போது சுற்றிலும் பற்றவைத்த கோடு தெரிந்தால், வேறொரு சாமானிலிருந்து முத்திரையை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பழைய தந்திரம்தான். கோடு இல்லையென்றால் எடை போடுங்கள். 200 கிராம் இருந்தால் அதில் சுத்த வெள்ளி 185 கிராம். அன்றைய விலையோடு பெருக்கினால் அடிமட்ட விலை கிடைக்கும்.

என்னைக் கேட்டால், மூன்றில் கையில் எடுத்துப் பார்க்கத் தகுந்தது சர்க்கரைக் கிண்ணம். ஆர் என்பது மதராஸ் மவுண்ட் ரோட்டில் வெள்ளிச் சாமான் செய்து விற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் (P. Orr & Sons) கடை. சாமி உருவங்கள் கொண்ட இந்த வேலைக்கு 'சுவாமி' பாணி என்றே பெயர். வெள்ளைக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவில் கட்டாயத் தரமுத்திரை கிடையாது. எனவே சிங்கம் இல்லாதது குறையல்ல, இருந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் ஒரு பெயரை யாரும் அடித்துவிடலாம், ஆகவே வேலையைப் பாருங்கள். கையால் தட்டி எடுத்த உருவங்களில் ஒரு முகம் போல இன்னொன்று இருக்காது. அச்சில் வார்த்தது போல எல்லாம் ஒன்றாக இருந்தால் விலகிவிடுங்கள். தரத்தை ஆசாரி ஒருவரிடம் உரைகல்லில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றையும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், முத்திரைதான் முதலில் மழுங்கும். கறுத்திருப்பது அப்படியே இருக்கட்டும்.

டீ பாட்டுக்குப் பாத்திர விலை சொல்லுங்கள். மற்ற இரண்டுக்கும் எடை, தரம், முத்திரை விவரத்தோடு தனித்தனி பில் கேளுங்கள். பின்னால் பொய் என்று தெரிந்தால், அந்த பில்லோடு ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பில் தர மறுத்தால், பேரம் அங்கேயே முடிந்தது.