ஒரே அறையில் எட்டு வகுப்பு: அயர்லாந்தின் பழைய கிராமப் பள்ளிகளில் பாடம் எப்படி நடந்தது?

கேள்வி, ஒன்றிரண்டு ஆசிரியர்களே எல்லா வகுப்புகளையும் எப்படிச் சமாளித்தார்கள் என்பது. ஒரு வகுப்பு வாய்விட்டுப் படிக்கும் நேரத்தில் மற்ற வகுப்புகள் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருக்கும். அடிப்படை ஏற்பாடு அதுதான்.

1831-ல் தேசியப் பள்ளிகள், அதாவது அரசு உதவியில் நடக்கும் தொடக்கப் பள்ளிகள், தொடங்கின. இரண்டு ஆசிரியர் இருந்தால், மழலை வகுப்பு இரண்டும் 1, 2-ம் வகுப்பும் ஒருவருக்கு. 3 முதல் 6 வரை தலைமையாசிரியருக்கு. வாசிக்க வேண்டியவர்கள் எழுந்து ஆசிரியரைச் சுற்றி அரைவட்டமாக நிற்பார்கள். சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பெரிய மாணவரையே சட்டாம்பிள்ளையாக வைப்பதும் உண்டு. இந்த முறையின் ஒரு வேர் நம் சென்னையில் இருக்கிறது: எழும்பூரில் தான் செய்துபார்த்ததை ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1797-ல் லண்டனில் நூலாக வெளியிட்டார்.

எழுத்துப் பயிற்சிக்கு, மேலே ஒரு வரி அச்சிட்ட காப்பி நோட்டு. வெரே ஃபாஸ்டர் வெளியிட்டவை மிகப் பிரபலம். மேல்நோக்கிப் போகும் கோடு மயிரிழையாகவும், கீழே இறங்கும் கோடு அழுத்தித் தடிமனாகவும் வர வேண்டும். மைப்பொடியைத் தண்ணீரில் கரைத்து, மேசைத் துளையில் பொருத்திய பீங்கான் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். தண்ணீர் கூடினால் எழுத்து வெளிறும். குறைந்தால் நிப்பு அடைக்கும். நிப்பை முக்கியதும் கிண்ண விளிம்பில் வழித்துவிட வேண்டும், இல்லையென்றால் முதல் எழுத்திலேயே மை கொட்டும். மேல்கோட்டிலும் அழுத்தினால் நிப்பின் இரு முனைகளும் பிரிந்து காகிதத்தைக் கிழிக்கும். குளிர்காலத்தில் விரல் விறைத்துவிடுவதால் இது அடிக்கடி நடக்கும். அடுப்புக்கான டர்ஃப், அதாவது சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டி, பிள்ளைகளின் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். ஈரக் கட்டி வந்தால் புகைதான் மிஞ்சும்.

இந்த முறையின் பெரிய கோளாறு, அழகாகப் பார்த்து எழுதும் பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்பது வெளியே தெரியாது. 1872 முதல் 1899 வரை, இன்ஸ்பெக்டர் சோதிக்கும்போது எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதைப் பொறுத்து ஆசிரியரின் வருமானத்தில் ஒரு பகுதி. விளைவு, வாசிப்புப் புத்தகத்தையே மனப்பாடம் செய்யவைத்தார்கள். ஐரிஷ் மட்டுமே பேசும் ஊர்களில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. சில இடங்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி, ஐரிஷ் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டுப் போடுவார்கள். பிறகு வெட்டுகளை எண்ணி அடி. ‘பாட்டா ஸ்கோர்’ என்று அதற்குப் பெயர். பெற்றோரும் இதற்குத் துணைபோனார்கள். ஆங்கிலம் இல்லாமல் பிள்ளை பிழைக்க முடியாது என்ற பயம் அவர்களுக்கு. 1922-ல் அயர்லாந்தின் பெரும்பகுதி விடுதலை பெற்ற பிறகு நிலைமை தலைகீழானது: வீட்டில் ஆங்கிலம் பேசும் மழலைகளுக்கும் வகுப்பு முழுக்க ஐரிஷில். இரண்டுமே பிள்ளையின் வாயை அடைத்தன என்பதே என் கருத்து. பிரம்படிக்குத் தடை வந்ததோ 1982-ல்தான்.

நேரடிச் சான்று வேண்டுமானால் 1937-39 பள்ளித் தொகுப்பைப் பாருங்கள். சுமார் 5,000 பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட கதை, வைத்தியம், பழைய பள்ளி நினைவுகளைக் கைப்பட எழுதினார்கள். அந்தப் பக்கங்கள் இன்று இணையத்தில் படமாகவே கிடைக்கின்றன. அதே காப்பி நோட்டுக் கையெழுத்துதான். ஆனால் எழுதியிருப்பது தாத்தா பாட்டி சொன்னது.