வியாழனின் நிலவு அயோ 38 நிமிடம் பிந்தி வந்த ராத்திரி

கேள்வி: அனிமேஷன், கம்ப்யூட்டர், வானியல், இணையச் சேவை என்று நான்கைப் பற்றியும் பதில் எழுதுகிறீர்கள். இவை உங்களுக்கு எப்படி ஒன்றாகச் சேர்ந்தன? புதிதாக ஆரம்பிப்பவர் முதலில் எதில் கை வைக்கலாம்?

2024 ஜனவரியில் ஒரு ராத்திரி, எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் சேர்ந்தன. அதுவரை நான்கும் எனக்குத் தனித்தனிப் பொழுதுபோக்கு. அந்த ராத்திரியை முழுதாகச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்குப் பதிலாகும்.

எனக்கு வாணியம்பாடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். பகலில் பிளெக்ஸ் பேனர் டிசைன் வேலை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. கடை மூடிய பிறகு அதே கம்ப்யூட்டரில் பிளெண்டர் ஓடும். அனிமேஷன் செய்யும் இந்த மென்பொருளுக்குப் பைசா கொடுக்க வேண்டாம். அதை நடத்திய நிறுவனம் மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய டோன் ரோசெண்டால், 1 லட்சம் யூரோ சேர்ந்தால் மூல நிரலை எல்லாருக்கும் திறந்துவிடலாம் என்று முதலீட்டாளர்களைச் சம்மதிக்க வைத்து, மக்களிடம் கேட்டார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்தது. 2002 அக்டோபரில் பிளெண்டர் பொதுச்சொத்து மாதிரி ஆனது. 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாத்வியா நாட்டு அனிமேஷன் படம் இதே மென்பொருளில் எடுத்ததுதான். ஆலங்காயம் ரோட்டில் ஒரு பேனர் கடையில் என் கையில் இருப்பதும் அதேதான். இதை நினைக்கும்போதெல்லாம் முன்பின் தெரியாத அந்த மனிதர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றும்.

வியாழனையும் அதன் நான்கு பெரிய நிலவுகளையும் உள்ளது உள்ளபடி நகர வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. அயோ, யூரோப்பா, கானிமீடு, கலிஸ்டோ. 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நான்கு. அயோ ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது நாற்பத்திரண்டரை மணி நேரம். அது நான்கு சுற்று சுற்றும் நேரத்தில் யூரோப்பா இரண்டு சுற்றும், கானிமீடு ஒரு சுற்றும் முடித்திருக்கும். தாளம் போட்டது போல இருக்கும். அனிமேஷன் செய்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அளவுகளில் நான் சமரசம் செய்துகொள்ளவில்லை. வியாழனை வெறும் உருண்டையாக வைத்தால் தப்பு. பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடுவதால் நடுப்பக்கம் பிதுங்கி, மேலும் கீழும் அமுங்கியிருக்கும். பிளெண்டரில் உயரத்தை 0.935 என்று குறைத்த பிறகுதான் தொலைநோக்கியில் பார்த்த வியாழனின் சாயல் வந்தது. நிலவுகள் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்ற கணக்கை நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் ஹொரைசன்ஸ் என்ற சேவையில் இலவசமாகத் தருகிறது. அந்த எண்களை எடுத்து, பைத்தான் நிரல்மொழியில் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி பிளெண்டருக்குள் ஏற்றினேன். ஒரு பிரேமுக்கு, அதாவது அனிமேஷனின் ஒரு தனிப் படத்துக்கு, வானத்தில் ஒரு நிமிடம் என்று கணக்கு. மாலை 6 மணிக்கு முதல் பிரேம். மொத்தம் 250 பிரேம்.

ஒரு பிரேம் ரெண்டர் ஆக, அதாவது கம்ப்யூட்டர் அதைக் கணக்குப் போட்டு முழுப் படமாக வரைந்து தர, 4 நிமிடம். 250 பிரேமுக்கு 1,000 நிமிடம், அதாவது 16 மணி 40 நிமிடம். இடையில் கரண்ட் போகாமல் இருந்தால். ஆரம்பிப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நேராக வீடியோவாக ரெண்டர் போடாதீர்கள். ஒவ்வொரு பிரேமையும் தனித்தனி பிஎன்ஜி படமாகச் சேமியுங்கள். 212வது பிரேமில் கரண்ட் போனால் 211 பிரேம் பத்திரமாக இருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வீடியோவாகப் போட்டிருந்தால் மொத்தமும் திறக்காத ஒரு ஃபைலாகக் கிடக்கும். எனக்கு இரண்டு தடவை அப்படி ஆனது.

இனி அந்த ராத்திரி. பஞ்சாங்கப்படி குரு மேஷத்தில் இருந்த வருஷம். எங்கள் ஊர் அட்சரேகைக்கு அப்போது வியாழன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே வந்து போகும். என்னிடம் இருப்பது 6 அங்குல டாப்சோனியன், கையால் தள்ளித் திருப்பும் வகைத் தொலைநோக்கி. உச்சிக்கு அருகில் அதைத் திருப்பிப் பிடிப்பது கஷ்டம். இடுப்பை வளைத்து, மூச்சை அடக்கி, சுண்டுவிரலால் தள்ள வேண்டும். என் அனிமேஷனில் 113வது பிரேமில், அதாவது 7 மணி 52 நிமிடத்துக்கு, அயோ வியாழனின் நிழலிலிருந்து வெளியே வருகிறது. அதை நேரில் பார்க்கத்தான் மகளையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போயிருந்தேன்.

7:52 ஆனது. ஒன்றும் வரவில்லை. 8 மணி. வரவில்லை.

"அப்பா, உன் கம்ப்யூட்டர் தப்பா சொல்லுதுப்பா."

"இரும்மா, இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்."

எனக்கே நம்பிக்கை போய்விட்டது. இந்த வகைத் தொலைநோக்கி படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டும். அதனால் முதல் வாரம் நிலவுகள் எல்லாம் எதிர்ப்பக்கம் தெரிந்து நான் குழம்பியது உண்டு. அதைச் சரிசெய்து பல நாள் ஆகியிருந்தது. மற்ற மூன்று நிலவும் நான் வரைந்த இடத்தில்தான் இருந்தன, உற்றுப் பார்த்தால் கடுகளவு முன்பின். அயோவை மட்டும் காணோம்.

8 மணி 30 நிமிடம் இருக்கும். வியாழனின் விளிம்பை ஒட்டி, வெறும் இருட்டில், சாம்பலுக்குள் கிடந்த தணலை யாரோ ஊதிவிட்டது போல ஒரு புள்ளி. முதலில் சந்தேகமாக இருந்தது. கண்ணைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் தெரியும், நேராகப் பார்த்தால் மறையும். மூன்று நான்கு நிமிடத்தில் பளிச்சென்று மற்ற நிலவுகள் அளவுக்கு ஏறிவிட்டது. மகள் ஏணியில் நின்றபடியே கத்தினாள். கீழ்வீட்டு அக்கா என்னமோ ஏதோ என்று விளக்கைப் போட்டுவிட்டார்.

38 நிமிடம். கணக்கு தப்பென்றால் கன்னாபின்னாவென்று தப்பாக இருக்க வேண்டும், இவ்வளவு சுத்தமான தாமதம் ஏன்? படுக்கப் போகும்போதுதான் பொறி தட்டியது. அன்று வியாழன் இருந்த தூரம், நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 4.6 மடங்கு. சூரிய ஒளி நம்மிடம் வர 8 நிமிடம் 19 நொடி. பெருக்கினால் 38 நிமிடம் சொச்சம். என் ஸ்கிரிப்ட் எடுத்தது, அயோ அந்த நொடியில் உண்மையாக எங்கே இருக்கிறது என்ற எண்ணை. அந்த வெளிச்சம் நம் மாடிக்கு வந்து சேரும் நேரத்தை நான் கூட்டவே இல்லை. அயோ 7:52க்கு நிழலைவிட்டு வெளியே வந்தது நிஜம். சேதி எங்களுக்கு 8:30க்குத்தான் கிடைத்தது.

இதே அயோவின் கிரகணங்களை வைத்துத்தான், ஒளி ஒரு நொடியில் பாய்ந்து வந்துவிடுவதில்லை, அதற்கும் நேரம் பிடிக்கிறது என்று 1676இல் டென்மார்க்காரர் ஓலே ரோமர் பாரீசில் சொன்னார். வியாழன் நம்மைவிட்டு விலகும் மாதங்களில் கிரகணம் பிந்துகிறது, நெருங்கும் மாதங்களில் முந்துகிறது. அந்த நவம்பர் 9ஆம் தேதி அயோ 10 நிமிடம் தாமதமாகத் தெரியும் என்று முன்கூட்டியே அறிவித்தார். பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் என்பது அவர் கணக்கு. சரியான விடை 16 நிமிடம் 38 நொடி. அந்தக் காலத்துக் கடிகாரங்களை வைத்துக்கொண்டு அவ்வளவு கிட்டே வந்தது எனக்கு இன்றும் மலைப்பு. பள்ளிக்கூடத்தில் ஒளியின் வேகத்தை எண்ணாக மனப்பாடம் செய்தேன். மாடியில் அதைக் காத்திருந்து பார்த்தேன்.

அனிமேஷனும் வானியலும் சந்தித்துக்கொண்ட இடம் என்று கேட்டால் நான் ஜிம் பிளின் பெயரைச் சொல்வேன். பளபளப்பான பரப்பில் வெளிச்சம் எப்படி விழும் என்று 1977இல் அவர் தந்த சூத்திரம் விளையாட்டுகளிலும் மென்பொருள்களிலும் பல பத்தாண்டுகள் ஓடியது. ஜேபிஎல்லில் உட்கார்ந்து, வாயேஜர் விண்கலங்கள் வியாழனைக் கடந்து போவதை அவை போய்ச் சேருவதற்கு முன்பே அனிமேஷனாக்கிக் காட்டியவர் அவர். 1979 மார்ச்சில் வாயேஜர் 1 அங்கே போனது. 800க்கு 800 புள்ளி கொண்ட படங்களை நொடிக்கு 115.2 கிலோபிட் வேகத்தில் அனுப்பியது. ஒரு படத்துக்கு 48 நொடி. அனுப்பிய ரேடியோவின் சக்தி 23 வாட், ஒரு பழைய டியூப்லைட்டைவிடக் குறைவு. 2000 வாக்கில் எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் டயல்-அப் மோடம் கீச்சிட்டுக் கீச்சிட்டு எட்டிய உச்ச வேகம் 56 கிலோபிட். வியாழனிலிருந்து 1979இல் வந்த இணைப்பு அதைவிட இரண்டு மடங்கு.

இணையச் சேவை பற்றி நான் எழுதும் எதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. எல்லாரும் "எத்தனை எம்பிபிஎஸ்?" என்றுதான் கேட்கிறார்கள். நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற அளவு அது, குழாயின் அகலம் மாதிரி. சேதி போய்த் திரும்பும் நேரம் என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதைத்தான் பிங் என்கிறோம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் 3,000 கிலோமீட்டருக்கு மேல். போக 15, வர 15, ஆக 30 மில்லிநொடிக்குக் கீழே எந்த நிறுவனத்தாலும் தர முடியாது, எவ்வளவு பணம் கட்டினாலும். தலைக்கு மேல் 35,786 கிலோமீட்டரில் நிலையாக நிற்கும் செயற்கைக்கோள் வழியாக இணையம் என்றால் சேதி ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்க, கிட்டத்தட்ட அரை நொடி. அதனால்தான் இப்போது செயற்கைக்கோள்களை சுமார் 500 கிலோமீட்டருக்குத் தாழ்த்தி ஆயிரக்கணக்கில் பறக்கவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டு இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்று விற்கப்பட்டது. இறக்கும்போது அது உண்மை. ஏற்றும்போது 5 எம்பிபிஎஸ், அதை யாரும் முன்னால் சொல்லவில்லை. என் 250 பிரேமும் சேர்ந்து 2 ஜிபி. ஏற்ற 53 நிமிடம் ஆனது. வியாழன் நம்மைவிட்டு வெகுதூரம் போயிருக்கும் மாதங்களில் அதன் ஒளி வந்து சேரவும் ஏறக்குறைய அதே நேரம்தான். இணைப்பு வாங்கும்போது பதிவேற்ற வேகத்தைத் தனியாகக் கேளுங்கள். படம், வீடியோ, டிசைன் என்று வேலை செய்பவர்களுக்கு இதுதான் உயிர்.

போன மழையில் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து, மூன்று நாள் இணைப்பு இல்லை. வாடிக்கையாளர் சேவையில் ஒவ்வொரு தடவையும் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். நான்காம் நாள் லைன் பார்க்கும் தம்பி வந்தார். கம்பத்தில் ஏறி, கேபிளைச் சீவி, தலைமுடி கனத்தில் இருந்த இழையைத் துடைத்து மெஷினில் வைத்து ஒட்டினார். மீட்டரைக் காட்டி, "லைட் லெவல் மைனஸ் 29ல கெடந்துதுண்ணா, இப்ப 21க்கு வந்துடுச்சு, இனி நிக்கும்" என்றார். எவ்வளவு மங்கிய ஒளி வரைக்கும் பிடிக்க முடியும் என்பதுதான் அவர் தொழிலும். அவருக்கு மாடியில் வியாழனைக் காட்டினேன். டீயை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதில் கை வைக்கலாம் என்று கேட்டீர்கள். 10×50 பைனாகுலர் ஒன்று போதும். முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் அழுத்தி ஊன்றிக்கொண்டு பார்த்தால் வியாழனுக்குப் பக்கத்தில் நிலவுகள் புள்ளிகளாகத் தெரியும். எங்கே பார்ப்பது என்பதை ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருள் சொல்லும், அதுவும் இலவசம். பிளெண்டரில் முதலில் ஒரு பந்தைக் குதிக்கவிடுங்கள், தரையைத் தொடும்போது அது நசுங்குவதைச் சரியாகக் கொண்டு வருவதற்கே ஒரு வாரம் ஆகும், அந்த வாரத்தைத் தாண்டிவிட்டால் பிறகு நீங்கள் விடமாட்டீர்கள். கம்ப்யூட்டரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பழைய மெஷின் மெதுவாகச் செய்யும், ஆனால் செய்யும்.

ஸ்கிரிப்டில் அந்த 38 நிமிடத்தைத் திருத்த மூன்று வரி போதுமானதாக இருந்தது. இப்போது கானிமீடை எடுத்திருக்கிறேன். 1972 ஜூன் 7ஆம் தேதி அது ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. அதைப் பார்த்தவை இரண்டே இடம். ஒன்று ஜாவா தீவில் உள்ள லெம்பாங் வானாய்வகம். இன்னொன்று எங்கள் ஜவ்வாது மலை மேல் இருக்கும் காவலூர் வானாய்வகம், அங்கே அப்போது புதிதாக வந்திருந்த 1 மீட்டர் தொலைநோக்கி. நட்சத்திரம் பட்டென்று அணையாமல் படிப்படியாக மங்கியதை வைத்து, கானிமீடுக்கு மெல்லிய காற்று மண்டலம் உண்டு என்றார்கள். அவர்கள் நினைத்ததைவிட அது மிக மிக மெல்லியது என்று பிறகு வாயேஜர் காட்டியது. 5,000 கிலோமீட்டர் அகலத்துக்குக் கானிமீடின் நிழல் இந்தியப் பெருங்கடலைக் கடந்து எங்கள் ஜவ்வாது மலையைத் தொட்டுப் போவதை வரைந்துகொண்டிருக்கிறேன். இந்தத் தடவை ஒளி வரும் நேரத்தை முதல் வரியிலேயே சேர்த்துவிட்டேன். 600 பிரேம், பிஎன்ஜியாகத்தான்.