கூட்டத்துக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடலாமா?

கேள்வி: தேசிய தின அணிவகுப்பின் முன்னோட்டக் காட்சிக்கு நான்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது. வெளிநாடுகளில் கூட்டங்களில் நடக்கும் தாக்குதல்களைப் பார்த்த என் கணவர், "டிவியிலேயே பார்த்துக்கலாம்" என்கிறார். அம்மாவுக்கு 72 வயது, வேகமாக நடக்க முடியாது. மகளுக்கு 9 வயது. போகலாமா? இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. அந்தச் செய்திகளைப் பார்த்து என் அக்கா மகன், 15 வயதுப் பையன், "அவங்களுக்கு இது வேணும்தான்" என்கிறான்.
– ஈசூன் வாசகி

பதில்: போங்கள். உங்கள் கணவரின் பயம் அர்த்தமில்லாதது அல்ல. சிங்கப்பூரை யாரும் குறிவைக்க மாட்டார்கள் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பைகளைச் சோதித்து, சாலைகளை மூடி, வாகனம் புகாதபடி தடுப்பு போட்டு நடத்தும் நிகழ்ச்சியில், இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகப் பாதுகாப்பானது. கவனம் தேவைப்படுவது வாசலுக்கு வெளியே.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 2017 மே 22 அன்று குண்டு வெடித்தது கச்சேரி நடந்த அரங்குக்குள் அல்ல. கச்சேரி முடிந்து ரசிகர்கள் வெளியேறிக்கொண்டிருந்த முன்கூடத்தில்தான் வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். பிரான்சின் நீஸ் நகரில் 2016 ஜூலை 14 அன்று லாரி புகுந்தது வாணவேடிக்கை முடிந்த கையோடு. 86 உயிர்கள் போயின. இரண்டுமே கூட்டம் கலைகிற நேரம்.

அதனால் சீக்கிரமே போய்விடுங்கள், வாசலில் நெரிசல் சேரும் முன்பே உள்ளே நுழைந்துவிடலாம். பையில் சாமான் குறைவாக இருந்தால் சோதனையும் சட்டென்று முடியும். அம்மாவுக்குப் படி குறைவான, ஓரத்து இருக்கையாக அங்கிருக்கும் தொண்டூழியர்களிடம் கேளுங்கள். முடிந்ததும் எல்லோரும் எம்ஆர்டி நிலையத்தை நோக்கிப் பாய்வார்கள். நீங்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்புங்கள். அம்மாவின் நடைக்கும் அதுதான் நல்லது.

தாக்குதலே இல்லாமல் நெரிசல் மட்டுமேகூட உயிரைக் குடிக்கும். தென்கொரியாவின் சோல் நகரில் இத்தேவோன் பகுதியில் 2022 அக்டோபரில் 159 பேர் இறந்தது அப்படித்தான். கூட்டம் அழுத்தத் தொடங்கினால் இரு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்து, மூச்சுக்கு இடம் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளாமல், குறுக்காக ஓரம் நோக்கி நகருங்கள். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்க வேண்டாம்.

தாக்குதல் நடந்தால் என்ன செய்வது என்று எஸ்ஜி செக்யூர் இயக்கம் சொல்லித்தரும் 'ஓடு, ஒளி, சொல்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் சிக்கல், அம்மாவால் ஓட முடியாது என்பது. இதை அங்கே போய் யோசிக்கக் கூடாது. வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள்: ஒருவர் மகளோடு ஓட வேண்டும், மற்றவர் அம்மாவோடு மறைவிடம் தேட வேண்டும். 'அம்மாவை விட்டுவிட்டு எப்படி' என்ற தயக்கம் அந்த நொடியில் எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்திவிடும். ஒளிந்திருக்கும்போது கைப்பேசி சத்தமும் அதிர்வும் இல்லாமல் இருக்கட்டும். பேச முடியாவிட்டால் போலீசின் 70999 எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். உங்கள் எண்ணை ஒரு தாளில் எழுதி மகளின் சட்டைப்பையில் வையுங்கள். பிரிந்தால் எங்கே சந்திப்பது என்பதையும், போனவுடன் அவளுக்கு இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். தைப்பூசம் போன்ற வாசலே இல்லாத தெருவிழாக்களில் இது இன்னும் முக்கியம்.

இனி அக்கா மகன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான்.

2020 டிசம்பரில் இங்கே 16 வயது மாணவன் ஒருவன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்துவைக்கப்பட்டான். இந்திய வம்சாவளிப் பையன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2019இல் நடந்த பள்ளிவாசல் தாக்குதலின் நேரலைக் காட்சியைப் பார்த்தவன், அதன் இரண்டாம் ஆண்டு நாளில் இங்குள்ள இரண்டு பள்ளிவாசல்களில் வெட்டுக்கத்தியால் தாக்கத் திட்டமிட்டிருந்தான். அவன் வெறுப்பின் ஆழம் வீட்டாருக்குத் தெரியவில்லை. 'நம்ம பிள்ளைகள் அப்படிப் போக மாட்டார்கள்' என்று நம் சமூகம் நினைத்துக்கொண்டிருக்க முடியாது.

ஒரு வார்த்தையை வைத்து உங்கள் அக்கா மகனைத் தீவிரவாதி ஆக்கிவிடாதீர்கள். 15 வயதில் பிள்ளைகள் கேட்டதைத் திருப்பிச் சொல்வார்கள். திட்டவும் வேண்டாம், திட்டினால் அடுத்த முறை உங்கள் முன்னால் பேசமாட்டான், அவ்வளவுதான். "யார் சொன்னாங்க? எங்கே பார்த்தே?" என்று நிதானமாகக் கேளுங்கள். இறந்தவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று சொல்லிப் பாருங்கள். வருத்தப்பட்டால் பேச இடம் இருக்கிறது. தாக்கியவனைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தாலோ, ஒரு சமூகத்தையே பூச்சி புழு என்று பேசினாலோ, கத்தி, துப்பாக்கி பற்றித் தேடினாலோ காத்திருக்காதீர்கள். முதலில் அக்காவிடம் பேசுங்கள். பிறகு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை 1800-2626-473 என்ற எண்ணில் அழையுங்கள்.

"போலீஸ் வந்தால் பையன் வாழ்க்கையே போய்விடுமே" என்று அக்கா தயங்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு ஆலோசனையோடு முடிய வாய்ப்பு உண்டு. ஆயுதம் தேடும் கட்டம்வரை விட்டுவிட்டால் அந்த வாய்ப்பு சுருங்கிவிடும்.