தடமில்லாத கடியும் கண்ணுக்குள் தெரியும் வளையமும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் ஊரில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இரவு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் பாய் விரித்துப் படுத்தான். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்தான். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். சிறிது நேரத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை என்றான். மதியத்துக்குள் மூச்சு முட்டியது. பெரிய மருத்துவமனையில் பாம்புக்கடி என்று சிகிச்சை அளித்துக் காப்பாற்றிவிட்டார்கள். உடம்பில் கடித்த தடமே இல்லாதபோது அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
(திருவண்ணாமலை மாவட்ட வாசகர்)

பதில்: நீங்கள் எழுதியுள்ள விவரத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. பையன் தரையில் படுத்திருந்தான். தொல்லை விடியற்காலையில் தொடங்கியது. தளர்ச்சி கண்ணிமையில் ஆரம்பித்துக் கீழ்நோக்கி இறங்கியது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், தடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டுவிரியன் கடித்திருக்கக்கூடும் என்பதையே முதலில் நினைக்க வேண்டும்.

கட்டுவிரியன் பகலில் செங்கல் அடுக்கிலும் எலி வளையிலும் பதுங்கியிருந்து இரவில் இரை தேடி வரும் பாம்பு. தரையில் உறங்குபவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடுகிறது. அதன் நச்சுப்பல் மிகச் சிறியது. கடித்த இடத்தில் வீக்கமும் வலியும் அநேகமாக இருப்பதில்லை என்பதால், கொசுவோ எறும்போ கடித்தது போல உணர்ந்து பலர் மீண்டும் தூங்கிவிடுகிறார்கள். சிலர் விழிப்பதே இல்லை. சில மணி நேரம் கழித்து வரும் வயிற்றுவலிதான் பலருக்கு முதல் அறிகுறி. அதனால்தான் இரைப்பைக் கோளாறு என்று நினைத்து மாத்திரையும் ஊசியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடும் பிழை நேர்கிறது. விடியற்காலை வயிற்றுவலியோடு வருகிறவரிடம் "எங்கே படுத்திருந்தீர்கள்?" என்று கேட்பதும், இமையை உயர்த்தி மேலே பார்க்கச் சொல்வதும் ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாததால் உயிர் போன வீடுகள் உண்டு என்பதை வேதனையோடு சொல்கிறேன்.

இதே போன்ற தளர்ச்சி வேறு நோய்களிலும் வரும் என்பதால், அவற்றையும் மருத்துவர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்கள். நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோயில் தளர்ச்சி பெரும்பாலும் காலில் தொடங்கி, சில நாட்களில் மேல்நோக்கி ஏறும். நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கும் மயஸ்தீனியா நோயில் இமை தொங்கும். ஆனால் காலையில் குறைவாகவும் மாலையில் அதிகமாகவும் வாரக்கணக்கில் இருந்து வந்திருக்கும். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து வரும் தளர்ச்சி கைகால்களைத்தான் தாக்கும். இமை பெரும்பாலும் தப்பிவிடும். சாதாரண இரத்தப் பரிசோதனையே அதைக் காட்டிக்கொடுக்கும். பாம்புக்கடிக்குச் செய்யும் 20 நிமிட உறைவுச் சோதனை இங்கே ஏமாற்றிவிடலாம். கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் கடித்தால் இரத்தம் உறையாமல் போகும். கட்டுவிரியன் கடியில் அது வழக்கம்போல் உறையும். ஆகவே இரத்தம் உறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்துப் பாம்புக்கடி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சிகிச்சையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று விஷமுறிவு மருந்து. இந்தியாவில் கிடைக்கும் மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் பொதுவானது. குதிரைகளுக்கு மிகச் சிறு அளவில் விஷத்தைச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து இதைத் தயாரிக்கிறார்கள். இதற்குத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பங்கை மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நெடுங்காலமாக வழங்கிவந்திருக்கிறது. நாடெங்கும் பிழைத்தெழுந்த நோயாளிகள் அந்த மக்களின் கைத்திறனுக்குக் கடன்பட்டவர்கள். நரம்பைத் தாக்கும் கடிக்கு வழக்கமாகப் பத்துக் குப்பி மருந்தில் தொடங்குவார்கள். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனெனில் குழந்தை என்று பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை. ஒவ்வாமை வரலாம் என்பதால் அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டே மருந்தை ஏற்றுவார்கள்.

இரண்டாவது பகுதி செயற்கைச் சுவாசம். கட்டுவிரியனின் விஷம் நரம்பின் நுனிக்குள்ளேயே புகுந்து, தசையை இயக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவருவதைத் தடுத்து, அந்த நுனியையே சிதைத்துவிடுகிறது. விஷமுறிவு மருந்து இரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் செயலிழக்கச் செய்யும். சிதைந்த நுனியை அதனால் சரிசெய்ய முடியாது. நுனி மீண்டும் வளரும் வரை, நாட்கணக்கிலும் சில வேளைகளில் வாரக்கணக்கிலும், வென்டிலேட்டர்தான் நோயாளிக்காக மூச்சுவிட வேண்டும். நல்லபாம்பின் விஷமோ நுனியைச் சிதைப்பதில்லை; அசிட்டைல்கோலினைத் தசை ஏற்பதை மட்டும் தடுக்கிறது. நல்லபாம்புக் கடியில், அசிட்டைல்கோலினை நீடிக்கச் செய்யும் நியோஸ்டிக்மின் ஊசி விரைவாகப் பலன் தருவதும் கட்டுவிரியன் கடியில் அது பெரிதாக உதவாததும் இந்த வேறுபாட்டால்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கடுமையான கட்டுவிரியன் கடியில் கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும், கைகால் அசையாது, அனிச்சைச் செயல்களும் மறைந்துவிடும். பார்ப்பதற்கு மூளைச்சாவு போலவே இருக்கும். ஆனால் மூளை விழித்திருக்கலாம்; சுற்றிலும் பேசுவதெல்லாம் அவர் காதில் விழலாம். ஆகவே காரணம் தெளிவாகாத தளர்ச்சியில் நம்பிக்கையைக் கைவிட யாரும் அவசரப்படக் கூடாது. படுக்கையருகே நின்று அவரைப் பற்றி அவநம்பிக்கையாகப் பேசவும் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியது: கட்டிலில் படுங்கள், முடியாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து, வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.

கேள்வி: என் தந்தைக்குப் பத்து நாள் காய்ச்சல். டெங்கு, மலேரியா, டைபாய்டு எதுவும் இல்லை என்று முடிவுகள் வந்தன. கடைசியில் ஒரு மருத்துவர் ஆடைகளைக் களையச் சொல்லி உடல் முழுவதையும் பார்த்தார். என் தந்தைக்கு மிகுந்த கூச்சம். அது தேவைதானா?
(வேலூர் வாசகி)

பதில்: தேவைதான். அந்த மருத்துவர் தேடியது ஒரு சிறிய கறுப்புப் பொருக்கை. ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல், புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் நுண்ணிய பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வருகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற புண் உண்டாகும். அது வலிக்காது, அரிக்காது. ஆகவே நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் மடிப்பு, தொப்புள், பிறப்புறுப்பு என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். எல்லா நோயாளிகளிடமும் இது காணப்படுவதில்லை என்றாலும், காணப்பட்டால் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் அப்போதே சிகிச்சையைத் தொடங்கலாம். இரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்படவே முதல் வாரம் கடந்துவிடும் என்பதால், அந்தப் பொருக்கின் மதிப்பு பெரிது.

டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரை பெரும்பாலோருக்கு இரண்டு நாட்களில் காய்ச்சலைத் தணித்துவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எல்லாம் பாதிக்கப்படும். கடுமையான நோய்க்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து இரத்தக்குழாய் வழியே கொடுப்பது, தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேலானது என்று உங்கள் ஊரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தலைமையில் இந்தியாவில் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது. கூச்சம் இயல்பானது, தனியறையும், பெண்ணாக இருந்தால் உடன் ஒரு செவிலியரும் கேட்பது நோயாளியின் உரிமை. முழு உடற்பரிசோதனை வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி: விரலில் மாட்டும் கருவி ஆக்ஸிஜன் 85 என்று காட்டியது. ஆக்ஸிஜன் வைத்தும் ஏறவில்லை. ஆனால் நோயாளிக்குப் பெரிய மூச்சுத்திணறல் இல்லை. உதடு மட்டும் நீலம். இது என்ன?
(மதுரை வாசகர்)

பதில்: மெத்ஹீமோகுளோபினீமியாவாக இருக்கலாம். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு வேதிமாற்றம் அடைந்து ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழந்துவிடுகிறது. நுரையீரலில் கோளாறு இல்லாததால் ஆக்ஸிஜன் கொடுத்தும் பயன் தெரிவதில்லை. அந்தக் கருவியும் குழம்பி 85-ஐச் சுற்றியே நின்றுவிடுகிறது. எடுத்த இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்து, காற்றுப்பட்டும் சிவக்காவிட்டால் சந்தேகம் வலுக்கும். தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் தரும் டாப்சோன் மாத்திரை அடிக்கடி காணப்படும் ஒரு காரணம். ஆகவே சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் காட்டுங்கள். மெத்திலீன் புளூ என்ற நீலச்சாயமே இரத்தக்குழாய் வழியே தரப்படும் முறிவு மருந்து. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு மட்டும் அதைத் தரக் கூடாது.

கேள்வி: என் வகுப்பில் முத்து முத்தாக எழுதிய மாணவன் ஒருவனின் கையெழுத்து ஓராண்டில் கிறுக்கலாகிவிட்டது. பேச்சு குழறுகிறது, காரணமில்லாமல் கோபம். மனநல மருத்துவர் அவனைக் கண் மருத்துவரிடம் அனுப்பினாராம். ஏன்?
(கோவை ஆசிரியை)

பதில்: மிகச் சரியான முடிவு. வளரும் பிள்ளையிடம் நடத்தை மாற்றத்தோடு கையெழுத்தும் பேச்சும் கெட்டால், வில்சன் நோயை நினைத்தே ஆக வேண்டும். உணவில் வரும் செம்பைக் கல்லீரல் பித்தநீர் வழியே வெளியேற்ற முடியாமல், அது கல்லீரலிலும் மூளையிலும் கண்ணிலும் படிந்துவிடும் பரம்பரை நோய் இது. கின்னியர் வில்சன் 1912-இல் இதை விவரித்தார். மூளை பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த வளையம் தெரியும்; கண் மருத்துவரின் நுண்விளக்கில்தான் அதைத் தெளிவாகக் காணலாம். கண்ணுக்கு அனுப்பியது அதற்காகத்தான். பிறகு இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவையும், ஒரு நாள் முழுவதும் சேர்த்த சிறுநீரில் செம்பின் அளவையும் பார்த்து உறுதி செய்வார்கள்.

1956-இல் ஜான் வால்ஷ் அறிமுகப்படுத்திய பெனிசிலமைன், செம்பைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. துத்தநாகம், குடலில் செம்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. பெனிசிலமைன் தொடங்கிய வாரங்களில் சிலருக்கு நடுக்கமும் குழறலும் அதிகரிக்கலாம் என்பதால் மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவார்கள். பயந்து தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை வாழ்நாள் முழுவதும் தேவை.

அந்த மாணவனுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால், பெற்றோரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால்தான் நோய் உண்டாகும். ஆகவே ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் நம் குடும்பங்களில் பெற்றோர் இருவரும் அந்த மரபணுவைச் சுமப்பதற்கான சாத்தியம் கூடுகிறது. அறிகுறி எதுவும் இல்லாத தம்பியையும் தங்கையையும் இப்போதே பரிசோதித்து, நோய் இருப்பது தெரிந்து மருந்தைத் தொடங்கிவிட்டால், அவர்கள் அண்ணன் பட்ட துன்பம் எதையும் படாமல் வளர்ந்துவிடுவார்கள்.