எழுந்ததும் உங்களையே திட்டாதீர்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கண் விழித்ததுமே ‘நேற்றும் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை’ என்று மனசு திட்ட ஆரம்பித்துவிடுகிறது. எப்படி நிறுத்துவது?

பதில்: நிறுத்தப் போராட வேண்டாம், நம்பாமல் இருந்தால் போதும். கண் திறந்தாலும் மூளை முழுதாக விழிக்க அரை மணி நேரமாவது பிடிக்கும். நிதானமாக எடைபோடும் மூளையின் முன்பகுதிதான் கடைசியில் தெளிகிறது. அதே நேரத்தில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் எழுந்து உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் படட்டும். நெஞ்சில் கை வைத்து, மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விடுங்கள். ஐந்தாறு முறை போதும். பிறகு, ராத்திரி சரியாகத் தூங்காத சிநேகிதிக்கு என்ன சொல்வீர்களோ, அதையே உங்கள் பெயரைச் சொல்லி உங்களுக்குச் சொல்லுங்கள். பெரிய வசனமெல்லாம் வேண்டாம். ‘இன்றைக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, மெதுவாகவே ஆரம்பிக்கலாம்’ என்றால் போதும். முதல் அரை மணி நேரத்தில் உங்களைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கேள்வி: தினமும் நாலைந்து தடவை அலாரத்தை ஒத்திப்போடும் ஸ்னூஸ் பொத்தானை அழுத்துகிறேன். என்ன செய்ய?

பதில்: எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே! அது தெரியாமல் எழும் நேரத்தைப் பற்றி நான் என்ன சொல்வது? பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். முதலில் அதைக் கணக்குப் பாருங்கள்.

கேள்வி: 5 மணிக்கு எழ ஒரு மாதமாக முயல்கிறேன். படுக்க 12 ஆகிவிடுகிறது. எனக்கு மன உறுதியே இல்லையா?

பதில்: உங்களுக்குக் குறைவது தூக்கம், மன உறுதி அல்ல. 12-க்குப் படுத்து 5-க்கு எழுந்தால் 5 மணி நேரம்தான். விடியலுக்கு முன் எழுபவரே வெற்றி பெறுவார், மற்றவரெல்லாம் சோம்பேறி என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நல்ல உழைப்பாளிகள் எத்தனை பேர் இந்தப் பேச்சால் விடிந்ததுமே குற்றவாளியைப் போல உணர்கிறார்கள்! சிலர் இயல்பிலேயே விடியலில் சுறுசுறுப்பானவர்கள், சிலருக்கு மாலையில்தான் மூளை ஓடும். இதில் மரபணுவுக்கும் வயதுக்கும் பெரிய பங்கு உண்டு. உடலின் உள்கடிகாரம் மூலக்கூறு அளவில் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்தவர்களுக்கு 2017-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்தக் கடிகாரம் அதட்டலுக்கு நகராது, வெளிச்சத்துக்கு நகரும். நிஜமாகவே முன்னதாக எழ வேண்டுமென்றால் படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே கொண்டுவாருங்கள். எழுந்ததும் அரை மணி நேரம் வெளி வெளிச்சத்தில் இருங்கள். மதியத்துக்குப் பிறகு காபியைத் தவிருங்கள். காபியில் உள்ள, தூக்கத்தை விரட்டும் காஃபினில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். அவசியம் இல்லையென்றால் 7 மணிக்கே எழுங்கள். அதில் எந்தத் தப்பும் இல்லை.

கேள்வி: எழுந்ததும் போன் பார்க்கலாமா?

பதில்: முதல் அரை மணி நேரம் வேண்டாம். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் நானே கனிவாக இருந்தால் சோம்பேறி ஆகிவிட மாட்டேனா?

பதில்: மாட்டீர்கள். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், தேர்வில் சறுக்கியபின் தங்களிடம் கனிவாக இருக்கச் சொல்லப்பட்டவர்கள், அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் படித்தார்கள்.

கேள்வி: சில வாரங்களாக 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. எதிலும் பிடிப்பில்லை. காலையில்தான் மனசு ரொம்பக் கனக்கிறது.

பதில்: இதற்கு நான் மேலே சொன்ன எதுவும் போதாது. இது மனச்சோர்வாக இருக்கலாம். ஏற்கெனவே சில வாரங்கள் ஆகிவிட்டதால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். எப்போது படுக்கிறீர்கள், எப்போது விழிக்கிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்; இன்றே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.