ஃபேன் ஓடுகிறது, காற்று வரவில்லை: காயில் கட்டுவதா, புதிது வாங்குவதா?

கேள்வி: திருச்சியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். படுக்கை அறையில் இருப்பது பன்னிரண்டு வருடப் பழைய சீலிங் ஃபேன். ரெகுலேட்டரை 5-ல் வைத்தாலும் வேகம் இல்லை. ராத்திரி பத்து மணிக்கும் அனல்தான் இறங்குகிறது. மெக்கானிக் காயில் கட்டச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் வாங்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஒரு புகார் அல்ல, இரண்டு. வேகம் குறைந்தது ஃபேனின் கோளாறு. அனல் இறங்குவது பெரும்பாலும் தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட் தளத்தின் வேலை. எது எவ்வளவு என்று பார்க்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அதே ஃபேனுக்குக் கீழே நின்று பாருங்கள். அப்போது காற்று சுகமாக இருந்தால் ஃபேன் ஓரளவு நன்றாகத்தான் இருக்கிறது, குற்றவாளி தளம். அப்போதும் காற்று மேலே படவில்லை என்றால் ஃபேனைக் கவனியுங்கள்.

ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை. சாதாரண சீலிங் ஃபேன் 70, 75 வாட் மின்சாரம் எடுக்கும். அது அத்தனையும் கடைசியில் சூடாக அறைக்குள்ளேதான் சேர்கிறது. நமக்குக் குளிர்வது வியர்வை காய்வதால். ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் அறை குளிர்ந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது வீண் கரண்ட். அதே காரணத்தால்தான் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஃபேன் காற்று உடம்பைக் குளிர்விக்காமல் சூடேற்றும். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் அந்த மாதிரி மதியங்களில் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடுவதும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருப்பதும் முக்கியம். நம் பாட்டிமார் வெட்டிவேர் விசிறியில் தண்ணீர் தெளித்து வீசினார்களே, அதில் ஈரம் காய்வதால் வருகிற காற்றே குளிரும். ஏர்கூலரின் சூட்சுமமும் அதுதான். திருச்சி, மதுரை மாதிரி உலர்ந்த வெயிலில் அது எடுபடும். சென்னைக் கடற்கரைப் புழுக்கத்தில் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

சரி, வேகத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் பழைய கதை தேவைப்படுகிறது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் கச்சேரி என்ற அரசு அலுவலகங்களிலும் பங்களாக்களிலும் கூரையிலிருந்து துணிப் பங்கா தொங்கும். வெளியே ஓர் ஆள் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார். அமெரிக்காவில் சிங்கர் தையல் மெஷின் நிறுவனத்தில் வேலை பார்த்த பிலிப் டீல் என்ற ஜெர்மானியர், தையல் மெஷினுக்குப் போட்ட மோட்டாரைக் கூரையில் மாட்டி இறக்கை பூட்டினார். 1887-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அந்தக் கால மோட்டார்கள் டிசியில், அதாவது பேட்டரி தருவது போன்ற ஒரே திசைக் கரண்டில், ஓடின. உள்ளே, சுற்றும் பாகத்துக்கு உரசியபடி கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துகொண்டே இருக்கும். அடுத்த வருடமே, 1888-ல், நிகோலா டெஸ்லாவுக்கு ஏசி மின்சாரத்தில் ஓடும் இண்டக்‌ஷன் மோட்டாருக்கான காப்புரிமை கிடைத்தது. அதில் தேய்வதற்கு பிரஷ் கிடையாது. உங்கள் வீட்டு ஃபேன் அந்த வம்சம். ஆனால் வீட்டுக்கு வருகிற ஒற்றை பேஸ் கரண்டில் இந்த மோட்டார் தானாகக் கிளம்பாது. உள்ளே இரண்டாவதாக ஒரு காயில் சுற்றி, அதற்குப் போகும் கரண்டைச் சற்று முன்னே நகர்த்திக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் மெக்கானிக்குகள் 'கண்டன்சர்' என்று சொல்லும் சின்ன டப்பா.

இந்தக் கண்டன்சர் வருடக்கணக்கில் ஓடி ஓடி வலுவிழக்கும். அதன் மேல் 2.5 மைக்ரோ ஃபாரட் என்று அதன் கொள்ளளவு போட்டிருக்கும். அளந்து பார்த்தால் பாதிதான் இருக்கும். ஃபேன் சுற்றும், ஆனால் வேகம் இருக்காது. ஸ்விட்ச் போட்டதும் முனகிக்கொண்டு மெதுவாகக் கிளம்புகிறதா, கம்பால் ஒரு தள்ளு தள்ளினால்தான் ஓடுகிறதா? அப்படியானால் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். காயில் கட்டும் கூலியில் இது ஒரு சிறு பங்குகூட ஆகாது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுங்கள். கரண்ட் போன பிறகும் அந்த டப்பாவில் மின்சாரம் தங்கியிருக்கலாம், வெறும் கையால் தொட வேண்டாம். இன்னொன்று, 'பெரிசாப் போட்டா நல்லா சுத்தும் சார்' என்று 2.5 இருந்த இடத்தில் 3.15 போடுகிறவர்கள் உண்டு. வேகம் கூடினாலும் காயில் சூடேறிக் கருகும். எது இருந்ததோ அதே அளவுதான் போட வேண்டும்.

கண்டன்சர் மாற்றியும் பலன் இல்லையென்றால் இறக்கைகளைத் துடைத்துப் பாருங்கள். முன் விளிம்பில் அழுக்கு அப்பியிருந்தாலும், கழற்றி மாட்டும்போது இறக்கையின் சாய்வு வளைந்து போயிருந்தாலும் காற்று குறையும். இறக்கை சீலிங்கிலிருந்து ஓர் அடியாவது கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒட்டிக்கொண்டு தொங்கினால் இழுக்கக் காற்றே கிடைக்காது. சாயங்காலம் மட்டும் மந்தமாகி, நடுராத்திரிக்கு மேல் வேகம் பிடிக்கிறதா? அது தெருவுக்கே உள்ள லோ வோல்டேஜ், ஃபேன் மேல் பழி போடக் கூடாது. கருகல் வாடை வந்தால் மட்டும் காயில் கட்டுவதைப் பற்றி யோசியுங்கள். கட்டி வந்த ஃபேன் வேகமாகச் சுற்றியும் காற்றே வரவில்லை என்றால், ஒயர் மாறி எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்று பாருங்கள். இறக்கையின் மேடான விளிம்பு முன்னே போக வேண்டும். தாழ்ந்த விளிம்பு முன்னே போனால் ஃபேன் சீலிங்குக்கு விசிறிக்கொண்டிருக்கிறது.

இனி அனல். பகல் முழுக்க வெயில் குடித்த தளம் ராத்திரிதான் அதைக் கக்கும். சீலிங்கை ஒட்டி நிற்கும் அந்தச் சூட்டுக் காற்றை ஃபேன் அப்படியே உங்கள் மேல் இறக்குகிறது. எவ்வளவு விலை கொடுத்து ஃபேன் வாங்கினாலும் இதையேதான் செய்யும். வீட்டுக்காரரிடம் பேசி மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்டோ அடிக்கச் சொல்லுங்கள். என் கணக்கில் ஃபேன் மாற்றுவதைவிட அந்தச் செலவுக்குத்தான் பலன் அதிகம். அவர் ஒப்புக்கொள்ளும் வரை ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலுக்கு இரண்டடி தள்ளி, முகம் வெளியே பார்க்க வைத்து ஓடவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெளியே குளிரத் தொடங்கிய பிறகு, ஒன்பது மணிக்கு மேல். உள்ளே இருக்கும் சூடு போய் வெளிக்காற்று வரும். சீலிங் ஃபேனை அதற்கப்புறம் போடலாம்.

பிஎல்டிசி? பிரஷ் இல்லாத டிசி மோட்டார் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். டீல் தொடங்கிய டிசிக்கே திரும்பி வந்திருக்கிறோம், பிரஷ் செய்த வேலையை இப்போது எலக்ட்ரானிக்ஸ் செய்கிறது. அது சுமார் 30 வாட்டில் ஓடும். தினம் 15 மணி நேரம் ஓடும் ஃபேன் என்றால் மாதம் 20 யூனிட், ஒரு பில்லுக்கு 40 யூனிட் மிச்சம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற, தாண்டினால் ரேட் கூடும் வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும் வீட்டில் அந்த 40 யூனிட் பெரிய விஷயம். லோ வோல்டேஜிலும் வேகம் குறையாது, இன்வெர்ட்டர் பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். வாடகை வீடாக இருந்தாலும் போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம், அதைப் பார்த்து வாங்குங்கள். மாட்ட வருபவரிடம் சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். அதன் வழியாகக் கரண்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் போர்டு போய்விடும்.