சப்டைட்டில் அண்ணனிடம் கேளுங்கள்: திரையில் நம்ம ஆட்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. தொடர்களுக்கும் படங்களுக்கும் தமிழில் சப்டைட்டில் எழுதியே இருபது வருடம் ஓட்டியவன் நான். கேமரா, கிராஃபிக்ஸ் பற்றிக் கேட்டால் முழிப்பேன். யார் என்ன பேசினார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கோலகங்சார் தம்பி: அண்ணே, கறுப்பர்களை நடிக்க வைத்ததால்தான் பிளாக் பேந்தர் சூப்பர் ஹீரோ படம் அவ்வளவு ஓடியதா?

அதற்கு இருபது வருடம் முன்னாலேயே, 1998இல், வெஸ்லி ஸ்னைப்ஸ் 'பிளேட்' என்ற சூப்பர் ஹீரோவாக வந்து விளாசிவிட்டுப் போனார் தம்பி. கறுப்பு நாயகன் புதிதில்லை. 2018இல் புதிது எதுவென்றால் கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள். இயக்கம் ரயன் கூக்ளர், எழுத்திலும் அவர் கை உண்டு. உடை ரூத் கார்ட்டர், அரங்கமைப்பு ஹானா பீச்லர். இவர்கள் இரண்டு பேரும் ஆஸ்கர் வாங்கினார்கள், அந்தந்தப் பிரிவில் வாங்கிய முதல் கறுப்பினத்தவர்களும் இவர்கள்தான். வசூல் 130 கோடி டாலருக்கு மேல்.

ஆனால் என் காதில் விழுந்தது வேறு. அந்தப் படத்தில் வரும் வக்காண்டா நாட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது ஹோசா, தென்னாப்பிரிக்காவில் நிஜமாகவே பேசும் மொழி. மூத்த ராஜாவாக நடித்த ஜான் கானிக்கு அது தாய்மொழி, 2016இல் வந்த கேப்டன் அமெரிக்கா படத்திலேயே அவர் ஆரம்பித்து வைத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இருப்பதாகச் சொல்லும் கற்பனை நாட்டுக்குள் தெற்கத்தி மொழி எப்படி வந்தது என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, நியாயமான சண்டைதான், ஆனாலும் ராஜாவிலிருந்து காவல்காரி வரை ஒரே மொழி. போஸ்டரில் எத்தனை முகம் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

லிந்தாங் அக்கா: பிரிட்ஜர்ட்டன் ஆங்கிலத் தொடரின் இரண்டாம் பாகத்தில் நம் தமிழ்ப் பெண்கள் இருவர் கதாநாயகிகள். அதற்கும் குறை சொல்வீர்களா?

சொல்வேன் அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். சிமோன் ஆஷ்லியும் சரித்ரா சந்திரனும் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். அக்கா தங்கைக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிடும் காட்சி வந்தபோது என் வீட்டுக்காரி ரிமோட்டைப் பிடுங்கி மறுபடி போட்டுப் பார்த்தாள். ஆனால் குடும்பப் பெயர் ஷர்மா. அப்பாவை 'அப்பா' என்கிறார்கள். தங்கை அக்காவைக் கூப்பிடுவது 'தீதி', அக்கா தங்கையைக் கூப்பிடுவது 'போன்', அது வங்காளம். ஒரு வீட்டுக்குள் மூன்று மாநிலம்! நான் எழுதிய தொடரில்லை, இருந்தாலும் கை துறுதுறுத்தது. எந்த மாமியைக் கேட்டிருந்தாலும் ஐந்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்திருப்பாள்.

ஒரு தம்பி: தமிழில் சூப்பர் ஹீரோ எப்போது வருவார்?

வந்தாயிற்று. மிஷ்கினின் முகமூடி 2012இல். மலையாளத்து மின்னல் முரளி 2021இல், அதில் வில்லன் நம்ம குரு சோமசுந்தரம். டீக்கடையில் வேலை பார்க்கும் அந்த மனிதருக்காகவே பார்க்கலாம்.

இன்னொருவர்: தோர் நான்காம் படம் ஏன் இங்கே தியேட்டருக்கு வரவில்லை?

2022இல் அதுவும் வரவில்லை, லைட்இயர் கார்ட்டூன் படமும் வரவில்லை. தணிக்கை விவகாரம். என் துறை இல்லை. அடுத்தது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர்: போபோய்போய் கார்ட்டூனில் வரும் கோபால் தின்னிப்பண்டாரம், பயந்தாங்கொள்ளி. நம் பிள்ளைகளுக்கு இதுதான் முகமா?

ஐயா, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். கோபால் எதைத் தொட்டாலும் தின்பண்டமாக மாற்றுவான், எதைக் கண்டாலும் நடுங்குவான், உண்மை. ஆனால் 2011இலிருந்து நாயகன் போபோய்போய் போகும் இடமெல்லாம் அவனும் போகிறான், சக்தியும் அவனுக்கென்று தனியாக இருக்கிறது. அவன் அப்பாவை 'அப்பா' என்றே கூப்பிடுகிறான், மலாய்ப் பிள்ளைகளும் அந்த வார்த்தையை அப்படியே சொல்கிறார்கள். இதோடு ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் வேண்டாம், ஒரு மலாய் நாடகத்துக்கு எழுதினேன். நாற்பது நிமிடத்தில் இந்தியப் பாத்திரத்துக்கு நான்கு வசனம், அதில் மூன்று 'யா, துவான்'. சப்டைட்டிலில் 'சரிங்க முதலாளி' என்று மூன்று தடவை தட்டிவிட்டு எழுந்துபோய்த் தே தாரிக் குடித்தேன்.

(அதே ஆசிரியர்: அதைவிட இது பரவாயில்லை என்பது ஒரு பதிலா?)

இல்லை ஐயா. உங்கள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. உப்பின் இப்பின் கார்ட்டூனில் கடை போட்டிருக்கும் அங்கிள் முத்துவைப் பார்த்துச் சிரிப்பதில் எனக்கு உறுத்தல் இல்லை, அப்படி ஒரு முத்து நம் பசாரிலும் இருக்கிறார். அந்தக் கூட்டாளிப் பிள்ளைகளில் கோபால் ஒருவன்தான் இந்தியன், அவனே எப்போதும் அலறவும் வேண்டும் என்பதில்தான் சிக்கல். இன்னொரு தமிழ்ப் பிள்ளை தைரியமாக நின்றிருந்தால் இவன் அலறினால் அலறிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்போம்.

(சலாக் அண்ணன்: என் மகனின் மலாய்க் கூட்டாளிகள் விளையாடும்போது 'நான்தான் கோபால்' என்று அடித்துக்கொள்கிறார்கள். ஆசிரியருக்கு வேறு வேலையில்லை.)

ஆசிரியரை விடுங்கள் அண்ணே, அவர் கேட்டது சரியான கேள்வி. ஆனால் நீங்கள் சொன்னது எனக்குப் புது விஷயம். நாங்கள் லயத்தில் கைலியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பறந்த காலத்தில், கறுப்பாக இருந்ததால் எனக்கு எப்போதும் வில்லன் வேடம்தான். கோபாலாக இருக்கச் சண்டை போடும் பிள்ளைகளா! சரி சரி, இதற்கு மேல் நீங்கள் இருவரும் மாமாக் கடையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். இன்னும் ஏழு கேள்வி கோபால் பற்றியே வந்திருக்கிறது, ஏழுக்கும் பதில் மேலே இருக்கிறது.

ஒருவர்: தமிழ் சூப்பர் ஹீரோ எப்போது வருவார்?

மேலே பாருங்கள்.

ஈப்போ தங்கை: நடிகை மிஷெல் யோ நம் ஊர்தானே?

உங்கள் ஊரேதான். ஷாங்-சி சூப்பர் ஹீரோ படத்தில் நாயகனுக்குப் பெரியம்மா. 2023இல் சிறந்த நடிகை ஆஸ்கர், ஆசியப் பெண்களில் முதல் ஆள்.

ஒரு அம்மா: பத்து வயது மகளுக்கு எதைக் காட்டலாம்?

மிஸ் மார்வல், 2022. ஆறே பகுதி. நியூ ஜெர்சியில் வளரும் பாகிஸ்தானியப் பெண்ணுக்குச் சக்தி வருகிறது, அதைவிட அம்மாவிடம் அனுமதி வாங்குவது அவளுக்குப் பெரிய பாடாக இருக்கிறது. ஐந்தாம் பகுதி 1947 பிரிவினைக்குப் போகும், கராச்சிக்குப் போகும் ரயிலைப் பிடிக்க நிலையத்தில் ஒரே கூட்டம். அன்றைக்கு மட்டும் பக்கத்தில் உட்காருங்கள், 'அவர்கள் ஏன் ஊரை விட்டுப் போகிறார்கள்' என்று கேட்பாள். என் மகள் கேட்டாள். அவள் பாட்டி எப்படிக் கப்பலேறி வந்தாள் என்பதில் ஆரம்பித்தேன், படத்தை நிறுத்திவைத்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

மூன்று பேர்: அண்ணே, லிங்க் அனுப்புங்கள்.

மாட்டேன்.